எண்ணெய் ஊற்றிய கை

முட்டையை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்து, மேலே தட்டு போட்டு மூடி, தட்டின் மேல் கொத்தமல்லிக் கட்டையும் வைத்திருக்கிறேன், என்னமோ அது எழுந்து ஓடிவிடப் போகிற மாதிரி. மணி மூன்றேகால். நாலு மணிக்கு மோரீன் வருகிறாள். ஹாலில் இவர் பேப்பரை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். குறட்டை கேட்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை, நின்றால்தான் பயம். ஒரு முட்டைக்கு இவ்வளவு. அறுபத்து மூன்று வயசு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூபர்வைசராக ரிட்டயர் ஆனவள், வெள்ளிக்கிழமை தவறாமல் தேவாரம் படிக்கிற வீட்டுப் பெண், காலையில் எங்கள் தெருக் கடையை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளிப் போய் ஒரு முட்டை கேட்டேன். "ஒண்ணே ஒண்ணாம்மா? தலைக்குத் தேய்க்கவா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயும் ஒரு பொய். முட்டை என்று வந்துவிட்டால் எனக்குப் பொய் தானாக வருகிறது, பழக்க தோஷம். ரொட்டியின் ஓரத்தையெல்லாம் வெட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்தாயிற்று. வெள்ளரிக்காயைச் சீவி உப்புத் தூவிப் பிழிந்தாயிற்று. தடவுவதற்கு இரண்டு வகை தயார். இவருக்கு வெண்ணெயும் பச்சைச் சட்னியும், அதில் ஒரு பச்சைமிளகாய் தூக்கலாக இருந்தால்தான் இவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். இன்னொன்று ஃப்ரிட்ஜில் இருக்கிற சைவ மயோனைஸ் பாட்டில், பேத்தி பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தபோது வாங்கியது. அந்தப் பாட்டிலையே மோரீனுக்குத் தடவிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மூன்றாவது ஒன்று டம்ளருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பாட்டிலைப் பற்றி நான் யாரிடமும் அபிப்பிராயம் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் எனக்கு மயோனைஸ் பிடிக்காது என்பது இந்த வீட்டில் ஊரறிந்த விஷயம். பேத்தி முறுக்கைக்கூட அதில் தொட்டுத்தான் தின்பாள். "அப்பத்தாவுக்குக் குடுக்காதடி, அவங்களுக்குப் புடிக்காது" என்று என் மகன் பாட்டிலைத் தள்ளி வைப்பான். ஒருநாள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தபோது ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தேன். சர்க்கரை. சர்க்கரையும் கஞ்சியும். இஸ்திரி போடுவதற்கு முன்னால் கஞ்சியில் புடவையை முக்குவோமே, அந்தக் கஞ்சிக்குப் புளிப்புக் காட்டின மாதிரி. நாக்கில் வழுக்கிக்கொண்டு போனதே தவிர நின்று எதுவும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அது இல்லை. எனக்கு வேண்டியது மஞ்சள் கலந்த வெளுப்பாக, ஸ்பூனைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். முதலில் வினிகர் மூக்கில் ஏறும், அப்புறம் கடுகுத்தூள், அது மேலண்ணத்தில் லேசாகக் கடிக்கும், எல்லாம் அடங்கின பிறகு கடைசியில் ஒரு கனம் வரும், வெண்ணெய் மாதிரி, வெண்ணெயும் இல்லை. அந்தக் கனம்தான் முட்டை. அது முட்டை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். நாற்பத்தெட்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போதுகூட வெள்ளரிக்காய்க்குத்தான் சொல்கிறேன்.

பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி பார்க்கர் வீடு. மிஸ்டர் பார்க்கர் எஞ்சின் டிரைவர், ஆங்கிலோ இந்தியர். அவர் மகள் மோரீன் என் வகுப்பு. சனிக்கிழமை மத்தியானங்களில் மிஸஸ் பார்க்கர் காலனிப் பெண்கள் ஐந்து பேருக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருவார். அனுப்பினதே அப்பாதான். "இங்கிலீஷ் நாக்குல பொரளணும், அப்பத்தான் உத்தியோகம்" என்பார். அவர் சொன்னது பலித்தது, அந்த நாக்கை வைத்துக்கொண்டுதான் முப்பத்தைந்து வருஷம் "நம்பர் ப்ளீஸ்" சொன்னேன். மற்ற பெண்கள் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் நிற்பேன். ஏனென்றால் மூன்று மணிக்கு மேல் ஆன்ட்டி, ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் சாயங்காலம் நடக்கிற ஹௌஸி ஆட்டத்துக்குச் சாண்ட்விச் பண்ணுவார். பீங்கான் கிண்ணம், அது நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. முட்டையை உடைத்து, ஓட்டின் இரண்டு பாதிக்கும் மாற்றி மாற்றி, மஞ்சள் கருவை மட்டும் கிண்ணத்தில் விடுவார். வெள்ளைக் கருவை மோரீன் தலைக்குத் தேய்த்துக்கொள்வாள். ஃபோர்க்கால் அடிக்க ஆரம்பித்தால் ஆன்ட்டியின் மேல்கைச் சதை குலுங்கும். இன்னொருத்தர் எண்ணெய் ஊற்ற வேண்டும். அடிக்கிற கை நிற்கக்கூடாது, ஊற்றுகிற கை அவசரப்படக்கூடாது. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான். ஒரு கரண்டி மொத்தமாக விழுந்தால் போச்சு, பால் திரிகிற மாதிரி திரிந்துவிடும். மோரீனுக்குப் பொறுமை கிடையாது, அவள் ஊற்றினால் பாதி நாள் திரியும். நான் ஒருநாள் என் பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லரைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். நீல ரப்பர் தலை வைத்த கண்ணாடி ஃபில்லர். அதை எண்ணெயில் முக்கி எடுத்து ஒரு சொட்டு, ஒரு சொட்டு. கிண்ணத்துக்குள் மஞ்சள் மெல்ல வெளுத்து, கெட்டிப்பட்டு, ஃபோர்க்கின் தடம் பதிய ஆரம்பித்தது. ஆன்ட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்து, "யூ ஹாவ் த ஹாண்ட், சைல்ட்" என்றார். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை எதற்கும் அப்படிச் சொன்னதில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம், சனிக்கிழமை தவறாமல், நான்தான் ஊற்றினேன். முடிந்ததும் எனக்கு ஒரு சாண்ட்விச். வெள்ளரிக்காயும் அதுவும் மட்டும். முதல் தடவை ஆன்ட்டி கேட்டார், "உங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" நான் சொன்னேன், "மாட்டாங்க ஆன்ட்டி." முதல் பொய் அதுதான் போலிருக்கிறது. இத்தனை வருஷமாக இரண்டாவதையே முதல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

குறட்டை நின்றது. இல்லை, புரண்டு படுக்கிறார். பேப்பர் கீழே விழுகிறது. போன சித்திரையில் அதே மாதிரி ஒரு பேப்பரில்தான், பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு அரசாங்கம் தடை போட்ட செய்தியைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா திலகா, கவர்மெண்ட்டு இன்னிக்குத்தான் தடை போடுது. ஒன் விஷயத்துல நான் முப்பத்தெட்டு வருஷம் முன்னாலயே போட்டுட்டேன்." போட்டார்தான். கல்யாணமான புதிதில் ஒரு பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு சாண்ட்விச் வாங்கினார். தட்டை என் பக்கம் நகர்த்தினபோது ஓரத்தில் அந்த மஞ்சள் வெளுப்பு பிதுங்கிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் ஊறியது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. பயந்துபோய் என்ன ஏது என்று கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். புதுப் பெண்டாட்டி, சைவக் குடும்பம், மாமியார் வெங்காயமே கிருத்திகைக்குச் சேர்க்காதவர், எப்படிச் சொல்வது? அப்பாவிடம் சொன்னதையே இவரிடமும் சொன்னேன், ஆளை மட்டும் மாற்றினேன். "சின்ன வயசுல ஒரு டீச்சர், முட்டைன்னு சொல்லாம ஏமாத்திக் குடுத்துட்டாங்க." ஆன்ட்டியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இல்லாத ஒரு டீச்சரை உண்டாக்கினேன். இவர் அந்தத் தட்டைப் புறங்கையால் அந்தப் பக்கம் தள்ளினார். "இனிமே ஒன் முன்னால இது வராது" என்றார். வரவிட்டதே இல்லை. எந்த ஓட்டலுக்குப் போனாலும் சர்வரை நிறுத்தி, "தம்பி, இதுல முட்டை கிட்டை இல்லியே? எங்க வீட்டம்மாவுக்கு ஆகாது" என்று கேட்ட பிறகுதான் எனக்கு இலையே விரியும். மகன் கல்யாணத்தில் சமையல்காரரை அழைத்து மூன்று தடவை கேட்டார். கேட்டதோடு விடமாட்டார், கதையையும் சொல்வார். ரயிலில் எதிர் சீட்டுக்காரருக்கு, சம்பந்திக்கு, கொசுவலை மாட்ட வந்தவனுக்கு. நல்ல குரல், கை கால் வைத்துச் சொல்வார். அந்த டீச்சருக்கு வருஷா வருஷம் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே வந்தது. இப்போது அவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் கீச்சுக் குரலும்கூட வந்துவிட்டன. இன்று சாண்ட்விச் தட்டைப் பார்த்ததும் மோரீனிடமும் சொல்வார். சொல்லாமல் இருக்கவே மாட்டார். அவளுடைய அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று தெரியாமல், அவள் முன்னால் உட்கார்ந்து, கீச்சுக் குரலில் பேசிக் காட்டுவார்.

அதை நினைத்துக்கொண்டே நின்றால் மணி நாலாகிவிடும். தட்டைத் திறந்துவிட்டேன். முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினேன், சத்தம் இவ்வளவு பெரிதாகவா இருக்கும்? ஓட்டிலிருந்து ஓட்டுக்கு மாற்றுகிறேன். கை மறக்கவில்லை. மஞ்சள் உடையாமல் விழுந்தது. கடுகுத்தூள், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு மூடி வினிகர். ஃபில்லர் இப்போது பேத்தியின் சளி மருந்து ஃபில்லர்தான், வெந்நீரில் கழுவி வைத்திருந்தேன். ஆன்ட்டி, நானே அடித்து நானே ஊற்ற வேண்டியிருக்கிறது பாருங்கள். வலது கை அடிக்கிறது, இடது கை சொட்டுகிறது. ஒன்று. இரண்டு. மோரீனுக்கு வயிற்றைக் கெடுத்துவிட்டால்? தடை போட்ட பண்டத்தைக் கொடுத்து ஆஸ்திரேலியாக்காரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள் திலகவதி என்று ஊர் சிரிக்கும். காலையில் வாங்கின முட்டைதான். மூன்று. நாலு. போன மாசம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் வாட்ஸப் குரூப்பில் யாரோ என் நம்பரைக் கொடுத்து, மோரீன் எழுதியிருந்தாள், இரண்டே வரி. மம்மி போன மார்ச்சில் போய்விட்டார்கள், நான் திருச்சி வருகிறேன், பார்க்கலாமா? கோபமா ஆசையா, ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் முகம் தெரியாத குரல்களைக் கேட்டு, இவர் அழுகிறார், இவர் கடன் கேட்கப் போகிறார் என்று கண்டுபிடித்தவள் நான். எழுத்தில் குரல் கிடையாது. மார்ச்சில் என்றால், நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் போய்விட்டார். ஏழு. எட்டு. வெளுக்கிறதா? வெளுக்கிற மாதிரிதான் இருக்கிறது.

அன்றைக்கு நான் செய்த தப்பு, இரண்டாவது சாண்ட்விச்சுக்கு ஆசைப்பட்டது. ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு தின்னலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பையைத் துவைக்க எடுத்தாள். மோந்து பார்த்தாள். "என்னடி இது வாடை?" அப்பா அதை வாழையிலைத் துண்டில் வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் துண்டோடு பார்க்கர் வீட்டுக்கு நடந்தார். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஆட்கள் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நேரம், அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ட்டி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோரீன் உள் நிலையில் சாய்ந்து நின்றாள். அப்பா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "நம்பி அனுப்பினேனுங்க மேடம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்குத் தெரியுமா இதுல முட்டை இருக்குன்னு?" மேஜை மேல் என் ஃபில்லர் கிடந்தது. நீல ரப்பர் தலை, எண்ணெய் பளபளப்போடு. அதை வாங்கிக் கொடுத்தவர் அப்பா. நான் அதைப் பார்த்தேன், ஆன்ட்டி நான் பார்ப்பதைப் பார்த்தார். "தெரியாதுப்பா. ஆன்ட்டி சொல்லல." ஆன்ட்டியின் கை மேஜை மேல் நகர்ந்தது. அகலமான கை, கல்யாண மோதிரம் சதையில் பதிந்திருக்கும். அந்தக் கை ஃபில்லரை மூடிக்கொண்டது. "ஆமா சார்" என்றார். "நான் சொல்லல. தப்பு என்னுது. பொண்ண ஒண்ணும் பேசாதீங்க." அவ்வளவுதான். எனக்கு வீட்டில் தலையோடு தண்ணீர் ஊற்றி, விபூதி பூசி, மூன்று நாள் மௌன தண்டனை. அவருக்கு? அடுத்த சனிக்கிழமை ஐந்து பெண்களில் ஒருத்திகூடப் போகவில்லை. பிள்ளைகளுக்கு ரகசியமாக முட்டை ஊட்டி மதம் மாற்றுகிறாள் என்று காலனி பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் மூடியிருக்கலாம், ஒரே வார்த்தையில். அடுத்த வருஷம் அவர்கள் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடியேறிப் போனார்கள். வண்டியில் சாமான் ஏற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மோரீன் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நான் கோழை. அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

நின்றுவிட்டது! ஃபோர்க்கின் தடம் அப்படியே நிற்கிறது. ஸ்பூனைக் கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை. கடவுளே, திரியவில்லை. ஈரத்துணியிலிருந்து ரொட்டியை எடுத்துத் தடவினேன், வெள்ளரிக்காயை அடுக்கினேன், எட்டு முக்கோணம். ருசி பார்க்கவில்லை, தைரியமில்லை. இவருக்குச் சட்னி வைத்தது தனித்தட்டில். பாட்டிலையும் வெளியே எடுத்து வைத்தேன், எதற்கென்று தெரியவில்லை, கடைசி நிமிஷத்தில் மனசு மாறினால் இருக்கட்டும் என்றுதான். காலிங் பெல் அடித்தது. மணி நாலாக இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.

குட்டையாக வெட்டின வெள்ளை முடி, பேண்ட், தோளில் துணிப்பை. கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் நின்றோம். "என்னா தில்லி, கெழவி ஆயிட்ட மேன்" என்றாள். பார்க்கர் வீட்டில் திலகா எப்போதும் தில்லிதான். பொன்மலைத் தமிழ், பெட்டியில் மடித்து வைத்த மாதிரி, ஒரு சுருக்கம்கூட விழாமல். கட்டிக்கொண்டாளா, தோளைத் தொட்டாளா, ஞாபகமில்லை. இவர் சட்டையை மாட்டிக்கொண்டே எழுந்து வந்து வாங்க வாங்க என்றார், வெயிலைப் பற்றிக் கேட்டார், விமானத்தைப் பற்றிக் கேட்டார், மம்மி போனதுக்கு உச்சுக் கொட்டினார். நான் இரண்டு தட்டையும் கொண்டுவந்து வைத்தேன். பாட்டில் அடுப்படியிலேயே இருந்துவிட்டது. மோரீன் முக்கோணம் ஒன்றை எடுத்து, பிரித்து, உள்ளே பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"நீங்க நல்லா சாப்புடுங்க மேடம்," என்றார் இவர். "கடையில வாங்குனதா, என்ன எழவோ, திலகா இதத் தொடவே மாட்டா. அது ஒரு பெரிய கதை. சின்னப் புள்ளையில ஒரு டீச்சரம்மா இருந்துச்சாம் பாருங்க..." சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். கையைத் தூக்கிவிட்டார், கறுப்புக் கண்ணாடி மாட்டப் போகிறார், அடுத்தது கீச்சுக் குரல். மோரீனின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவள் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஆன்ட்டி பார்த்த அதே பார்வை, ஒரே வித்தியாசம், இந்தக் கை எதையும் மூடப் போவதில்லை.

"டீச்சர் இல்லீங்க," என்றேன்.

இவர் கை அந்தரத்தில் நின்றது.

"டீச்சர்னு ஒருத்தரும் இல்ல. இவங்க அம்மா. ஏமாத்தவும் இல்ல. முட்டை ஒடைக்கறதுலேருந்து நான் பக்கத்துலதான் நிப்பேன். எண்ணெய் ஊத்துனதே நான்தான். ஒரு வருஷம் தெரிஞ்சேதான் தின்னேன். அப்பா கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன். அவங்க பழியை வாங்கிக்கிட்டாங்க." மூச்சு வாங்கியது. "இதுவும் கடையில வாங்குனது இல்ல. இப்ப நான் பண்ணுனது. முட்டை போட்டுத்தான்."

மோரீன் ஒரு வாய் கடித்தாள். மெல்ல மென்றாள், அவசரமே இல்லாமல். சின்ன வயசில் அவளிடம் இல்லாத பொறுமை.

"பெர்த் போனப்புறம் மம்மி இத அடிக்கவே இல்ல," என்றாள். "பாட்டில்தான் வாங்குவாங்க. டாடி கேட்டா, ஊத்தறதுக்கு தில்லி இல்ல மேன், திரிஞ்சிரும்னு சொல்லுவாங்க. சாவுற வரைக்கும் அதே பேச்சு."

"கோவம் இல்லியா ஆன்ட்டிக்கு?"

"மம்மிக்கு இல்ல. கொழந்த பயந்துருச்சுன்னு சொன்னாங்க, அவ்ளோதான். எனக்கு இருந்துச்சு. இன்னிக்குக் காலைல ஓட்டல்ல குளிக்கறப்பகூட இருந்துச்சு." இன்னொரு கடி கடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, கடுகுத்தூள் அப்படியொன்றும் அதிகமில்லை.

இவர் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் எத்தனை சர்வர்கள், எத்தனை சமையல்காரர்கள். அத்தனை பேர் முன்னாலும் இந்த மனுஷனை முட்டாளாக்கி நிறுத்தியிருக்கிறேன். கத்துவார், இல்லை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவார், இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் தூக்கின கையை இறக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தெரியாதவர்களிடம் கேட்பது மாதிரி கேட்டார்.

"அப்ப ஒனக்கு இது பிடிக்குமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ரொம்பப் பிடிக்குங்க."

பேக்கரியில் அன்று தட்டை அந்தப் பக்கம் தள்ளினாரே, அதே புறங்கை. அதை வைத்துத் தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். மோரீன் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்து, இவர் பார்க்க, ஒன்றை எடுத்துக் கடித்தேன். உப்பு ஒரு சிட்டிகை கம்மி.